கண்ணோட்டமும் காண்போர் கடனும்

திருக்குறளில் ஐம்பத்தெட்டாம் அதிகாரமாக அமைந்திருப்பது கண்ணோட்டம். அன்புடைமையும் அருளுடைமையும் அறத்துப்பாலில் இடம்பெற்றிருக்க, அவற்றோடு நெருங்கிய உறவுடைய இப்பண்பு மட்டும் பொருட்பாலின் அரசியற் பகுதியில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இதற்கு முன்னே நிற்கும் அதிகாரம் வெருவந்த செய்யாமை. குடிகள் அஞ்சி நடுங்கத்தக்க செயல்களை அரசன் செய்யலாகாது என்று கூறுவது. இதற்குப் பின்னே நிற்பது ஒற்றாடல். நாட்டில் நிகழ்வனவற்றை அரசன் மறைவாக அறிந்துகொள்ளும் முறையைக் கூறுவது. அச்சுறுத்தும் ஆற்றலும் மறைந்து நோக்கும் ஆற்றலும் ஒருங்கே உடைய அரசுக்கு, இரங்கி நோக்கும் கண்ணும் வேண்டும் என்று வள்ளுவர் கருதினார் போலும். அவ்விரக்கம் இல்லாத கண்ணை அவர் கண்ணென்றே ஏற்கவில்லை; முகத்தில் அமைந்த புண் என்று ஒதுக்கிவிடுகிறார்.

இச்சொல்லுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் நுட்பமானது. தம்மோடு பழகியவரைக் காணும்போது அவர் வேண்டுவதை மறுக்க இயலாத மென்மையே கண்ணோட்டம் என்றும், கண் அவர்மேற் செல்லும்போது நிகழ்வதால் அப்பெயர் பெற்றது என்றும் அவர் கொள்கிறார். பழகியவர் என்னும் வரையறை அவர் காலத்துக்குப் பொருந்துவதே. அந்நாளில் கண்ணுக்கு எட்டிய உலகம் சிறியது. கண்ணிற் பட்டவர் பெரும்பாலும் பழகியவராகவே இருந்தனர். இக்காலத்தின் நிலை வேறு. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அழும் தாய் ஒருத்தி வெண்திரையில் தோன்றி, இங்கே இருக்கையில் அமர்ந்திருப்பவரை நேருக்கு நேர் நோக்குகிறாள். அவள் பெயர் தெரியாது. அவள் மொழி புரியாது. அவளோடு பழக்கம் ஏதும் இல்லை. ஆயினும் கண் அவள்மேற் சென்றுவிடுகிறது.

இவ்விடத்தில் மூன்று வினாக்கள் எழுகின்றன. பழகாத ஒருவரின் துயரைத் திரைவழியே கண்டவருக்கு, அவர்பாற் கடன் ஏதேனும் உண்டா? அத்துயரைத் திரையிட்டுக் காட்டுவது அறமா, அன்றிப் பிறர் கண்ணீரைக் காட்சிப் பொருளாக்கும் பிழையா? அக்காட்சியைத் தடுக்கும் உரிமை அரசுக்கு எவ்வளவு உண்டு? பெட்டாலிங் ஜெயாவில் முளைத்து வளர்ந்த ஒரு திரைப்பட விழாவின் வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்குரிய களமாக அமைந்திருக்கிறது. அதனை அணுகுமுன், போரினால் சிதறுண்ட மற்றொரு மக்களின் பட்டறிவை நோக்குதல் பயன் தரும்.

முற்றுகைக்குள் ஒரு விழா

யூகோசுலாவியக் கூட்டாட்சி உடைந்தபோது, 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் போஸ்னியாவில் போர் மூண்டது. தலைநகராகிய சரயேவோ அன்று தொடங்கி 1996 பிப்ரவரி வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், முற்றுகைக்கு ஆளாயிற்று. நகரைச் சூழ்ந்த குன்றுகளிலிருந்து பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு தெருவைக் கடந்தவர்கள் மறைந்திருந்து சுடுவோரின் குறிக்கு இலக்காயினர். 1995 சூலையில் சிரெப்ரெனிட்சா என்னும் ஊரில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சில நாள்களுக்குள் கொன்று புதைக்கப்பட்டனர். போர் முடிவதற்குள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். நாட்டு மக்களில் இது ஏறக்குறைய சரிபாதி.

முற்றுகை முறையாக நீங்குவதற்கு முன்பே, 1995 அக்டோபர் மாத இறுதியில், அந்நகரத்தார் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினர். ரொட்டிக்கும் விறகுக்கும் அலைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து படம் பார்த்தனர். உயிர்க்கு உறுதியில்லாத இடத்தில் கலை எதற்கு என்று எளிதாகக் கேட்டுவிடலாம். ஆனால் குண்டு வீசுவோர் ஒரு மக்களை வெறும் இலக்குகளாகக் கருதும்போது, தாம் இலக்குகளல்லர், காணவும் சிந்திக்கவும் வல்ல மனிதர் என்று அம்மக்கள் தமக்குத் தாமே உறுதி கூறிக்கொள்ளும் தேவை பசியைப் போன்றே வலியது. அவ்வுறுதிமொழியாகவே அவ்விழா அமைந்தது எனலாம்.

நாட்டை விட்டுச் சிதறியோரும் இத்தேவையை உடன் கொண்டு சென்றனர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் போஸ்னியப் புலம்பெயர்ந்தோர் தமக்கென ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினர். இத்தகைய விழாக்கள் தொடக்க ஆண்டுகளில் சிறியனவாகவே இருப்பது இயல்பு. வருவோருட் பலர் அம்மக்களே. அரங்கம் விழா மண்டபமாகவும் உறவினர் கூடும் முற்றமாகவும் துக்கம் கேட்கும் வீடாகவும் ஒரே நேரத்தில் விளங்கும். ஆனால் தம் துயரைத் தாமே தமக்குள் பார்த்துக்கொண்டிருப்பதோடு ஒரு விழா நின்றுவிடின், ஆறுதல் கிட்டுமேயன்றிச் சாட்சியம் நிறைவுறாது. துயருற்றவரும் அவர்தம் சுற்றமும் கூறுவதை, துயருறாதவர் ஒருவரேனும் கேட்டு ஏற்கும்போதே அது உலகின் உடைமையாகிறது.

போஸ்னியக் கலைஞர் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்கு இரண்டு படங்கள் சான்றாகும். தானிஸ் தானோவிச் இயக்கிய ‘நோ மேன்ஸ் லேண்ட்’ 2001இல் வெளிவந்தது. மறு ஆண்டில், இந்தியாவின் ‘லகான்’ உள்ளிட்ட படங்களோடு போட்டியிட்டு ஆஸ்கார் விருதைப் பெற்றது. இரு படைகளுக்கும் இடைப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் ஒரு போஸ்னியனும் ஒரு செர்பியனும் சிக்கிக்கொள்கின்றனர். போரைத் தொடங்கியவர் யார் என்னும் வாதம் எழும்போது, துப்பாக்கி எவன் கையில் இருக்கிறதோ அவன் விரும்பும் விடையே மற்றவன் வாயிலிருந்து வருகிறது. துயருற்ற இனத்தைச் சேர்ந்த கலைஞர் தம்மவனையும் குறையுள்ள மனிதனாகக் காட்டத் தயங்கவில்லை. யாஸ்மிலா ஷ்பானிச் இயக்கி, 2006இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதைப் பெற்ற ‘கிர்பாவிட்சா’ மற்றொன்று. போர்க்காலத்தில் வன்கொடுமைக்கு உள்ளான தாய் தன் மகளிடம் மறைத்த உண்மையைப் பற்றியது அது. செர்பியர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் அப்படத்தைத் திரையிட மறுத்தனர். ஆயினும் அப்படத்தை ஒட்டி எழுந்த இயக்கம் வீண்போகவில்லை. அதே ஆண்டில் போஸ்னியக் கூட்டரசுப் பகுதியின் சட்டம் அத்தகைய பெண்களைப் போரினால் பாதிக்கப்பட்ட குடிமக்களாக ஏற்றுக்கொண்டது. ஒரு படம் தனித்து நின்று சட்டத்தை மாற்றிவிடுவதில்லை. எனினும் பேச நாணிய ஒன்றைப் பேசத்தக்கதாக ஆக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

போஸ்னியத் துயரம் மலேசியாவுக்கு அந்நியமானதன்று. 1993 முதல் மலேசியப் படைவீரர்கள் ஐக்கிய நாட்டு அமைதிப் படையின் பகுதியாக அங்கே பணியாற்றினர். போஸ்னிய அகதிகளுக்கு மலேசியா புகலிடம் அளித்தது. பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கப்பட்ட அனைத்துலக இசுலாமியப் பல்கலைக்கழகம் போஸ்னிய மாணவர்களை ஏற்றுப் பயிற்றியது. மொழியும் நிலமும் வேறாயினும், தொலைவில் உள்ள மக்கள்பால் ஒரு நாட்டின் கண் சென்றது. அதற்குச் சமய உறவு காரணமாயிற்று எனக் கூறலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. இரக்கம் பெரும்பாலும் உறவிலிருந்தே தொடங்குகிறது. உறவின் எல்லையோடு அது நின்றுவிடுகிறதா என்பதே ஆராயத்தக்கது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு முயற்சி

நியூயார்க்கில் போஸ்னியர் விழா தொடங்கிய அதே 2003ஆம் ஆண்டில், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இயங்கிய கோமாஸ் என்னும் மக்கள் தொடர்பு மையம் ‘ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்’ என்னும் திரைப்பட விழாவைத் தொடங்கியது. 1993இல் தோன்றிய அம்மையம், பூர்வகுடியினர் முதலாகக் குரல் எடுபடாத சமூகங்கள் தம் வாழ்வைத் தாமே படம்பிடித்துச் சொல்லப் பயிற்சி அளிப்பதைப் பணியாகக் கொண்டது. மனித உரிமையைப் பொருளாகக் கொண்ட ஆவணப்படங்களுக்கென மலேசியாவில் எழுந்த முதல் விழா இதுவே. இது ஓர் இனத்தாரின் விழா அன்று. புலம்பெயர்ந்தோர் விழா என்று பெயர் சூட்டிக்கொண்டதும் அன்று. ஆயினும் குடிபெயர்ந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில், ஒவ்வொருவரும் தம் அண்டை வீட்டாரின் மறைந்த கதையைக் காண்பதற்கு இடமாயிற்று.

அவ்விழாவின் நடைமுறையில் ஒரு கருத்து அடங்கியிருந்தது. முடிந்த படங்களை வரவழைத்துக் காட்டுவதோடு அமையாமல், எடுக்கப்பட வேண்டிய படங்களுக்கான திட்டங்களைப் பொதுமக்களிடமிருந்து வேண்டிப் பெற்று, தேர்ந்தவற்றுக்குச் சிறு நிதி வழங்கி, அவை உருவான பின் விழாவில் முதன்முதலாகத் திரையிடும் முறையை அமைப்பாளர் கைக்கொண்டனர். வெளியே இருந்து வந்து துயரைப் படம்பிடித்துச் செல்பவருக்கும், தன் தெருவின் துயரைத் தானே சொல்ல முனைபவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னவர் சென்றுவிடுவார், பின்னவர் படம் முடிந்த பின்னும் அத்தெருவிலேயே வாழ்வார். தாம் சொன்னதற்கு நாள்தோறும் பொறுப்பேற்கும் நிலையில் அவர் இருக்கிறார்.

2007ஆம் ஆண்டு விழாவில் பரிசு பெற்ற, ஃபாமி ரேசாவின் ‘செபூலூ தாஹுன் செபெலும் மெர்டேக்கா’ இங்கே குறிப்பிடத்தக்கது. விடுதலைக்குப் பத்தாண்டு முன்னர், 1947 அக்டோபர் 20ஆம் நாளில், மலாயா முழுவதும் நடைபெற்ற கடையடைப்புப் போராட்டத்தைப் பற்றியது அப்படம். பல இனத்தாரும் ஒன்றிணைந்து மக்கள் அரசியலமைப்பு ஒன்றை முன்வைத்த அந்நிகழ்ச்சி பாடநூல்களில் உரிய இடம் பெறாதிருந்தது. முதியவர்கள் திரையில் தோன்றித் தம் நினைவுகளை உரைத்தனர். அவர்கள் மறைவதற்குள் அவ்வுரை பதிவாயிற்று என்பதே அப்படத்தின் பெரும்பேறு.

தண்டவாளத்தின் கதை

பதிவு பெறாத துயருக்கு நேரும் கதியை மலேசியத் தமிழர் தம் வரலாற்றிலிருந்தே அறிவர். சப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கும் 1943 அக்டோபருக்கும் இடையே, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கு மிகுதி. அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன.

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பெயர்ப்பலகை இல்லை. இப்பாதையைக் கதைக்களமாகக் கொண்டு 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ என்னும் படத்தை உலகம் அறியும். அப்படம் பிடிக்கப்பட்டது இலங்கையில் உள்ள கித்துள்கலை என்னும் ஊரில். இரயில் பாதையில் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் கதைக்கு அப்படத்தில் இடமில்லை. மரம் வெட்டியவனும் மண் சுமந்தவனும் மறக்கப்பட, ஆங்கில அதிகாரியின் பெருமிதமே உலக நினைவில் நிலைத்தது. ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி முதலிய மலேசியத் தமிழ் நாவலாசிரியர்கள் அம்மறதியை எதிர்த்து எழுதினர். அத்தொழிலாளரைப் பற்றிய தமிழ் ஆவணப்படம் எழுந்ததோ, உயிர் தப்பியோருள் மிகச் சிலரே எஞ்சியிருந்த பிற்காலத்திலேதான்.

தோட்ட வாழ்வும் திரைக்கு நெடுநாள் புறத்தேயே நின்றது. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் இரப்பர்த் தோட்டக் குடும்பம் ஒன்றின் வாழ்வைத் தமிழிலேயே சொல்லி அனைத்துலக விழாக்களுக்குச் சென்றது. அவரே 2007இல் இயக்கிய ‘சலங்கை’ பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் எளிய குடும்பத்தைக் காட்டியது. 2015 இறுதியில் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, தோட்டம் இழந்து நகர்ப்புறம் சேர்ந்தோரின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்வழியே காட்டிற்று. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவதா என்னும் பூசல் எழுந்து, அதன்பின்னர் அப்படம் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுபெற்றது. தமிழ் பேசும் ஒரு படத்தை மலேசியப் படம் என்று நாடு ஒப்புக்கொண்ட அந்நாளில், தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் தம் தெருவும் இந்நாட்டுத் தெருவே என்பதைத் திரையிற் கண்டனர்.

2013 சூலை மூன்றாம் நாள்

இனி, இவ்வினாக்கள் யாவும் ஒருசேர வந்து நின்ற நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். இலங்கையில் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடற்கரையில் முடிவுற்றது. இறுதி மாதங்களில் நாற்பதாயிரம் வரையிலான குடிமக்கள் மடிந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாட்டுப் பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை குறித்தது. அப்போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றி பிரிட்டானியராகிய கெலம் மக்ரே உருவாக்கிய ‘நோ ஃபயர் சோன்’ என்னும் ஆவணப்படம் 2013இல் வெளிவந்தது.

அவ்வாண்டு சூலை 3ஆம் நாள், கோமாஸ் அமைப்பினர் அப்படத்தைக் கோலாலம்பூர்–சிலாங்கூர் சீனர் அசெம்பளி மண்டபத்தில் திரையிட்டனர். உள்துறை அமைச்சின் அலுவலர்கள் அங்கே வந்து சோதனையிட்டனர். அமைப்பாளர் மூவர் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் லீனா ஹென்றி என்னும் பணியாளர்மீது செப்டம்பர் 19ஆம் நாள் வழக்குத் தொடரப்பட்டது. தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெறாத படத்தைத் திரையிட்டார் என்பது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ்ச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் வெள்ளி வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. 2016 மார்ச்சில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி எதிர்வாதம் புரிய ஆணையிட்டது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மார்ச் மாதத்தில் பத்தாயிரம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு மாலைப்பொழுதில் காட்டப்பட்ட படத்தின் பொருட்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒருவர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. துயரம் ஈழத் தமிழருடையது. படம் எடுத்தவர் பிரிட்டானியர். திரையிட்டது பல இனத்தவர்க்கும் பொதுவான மலேசிய அமைப்பு. இடம் தந்தது சீனர் மண்டபம். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலைக் கட்டிய யாழ்ப்பாணத்தார் மரபினரும், தோட்டங்களில் வளர்ந்த தமிழகத்து மரபினரும் இத்துயரை எண்ணி வருந்தியது இயற்கை. ஆனால் சட்டத்தின் சுமையை ஏற்றவர்கள் உறவுமுறை கூறி வந்தவர்களாக மட்டும் இல்லை. பரிமேலழகர் கூறிய பழகியவர் என்னும் எல்லை அன்று அம்மண்டபத்தில் கடக்கப்பட்டது.

மூன்று மறுப்புகள்

அரசின் பக்கத்திலிருந்து எழும் மறுப்பை முதலில் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல இனத்தார் வாழும் நாட்டில் ஓரிடத்துப் பகையை மற்றோரிடத்துக்குக் காட்சிவழிக் கொணர்தல் தீங்கு பயக்கலாம்; 1969 மே மாதக் கலவரத்தைக் கண்ட நாடு இதில் எச்சரிக்கையாய் இருப்பது பழிக்கத்தக்கதன்று. வள்ளுவரும் எல்லையற்ற இரக்கத்தைக் கூறினாரல்லர். தம் கடமை சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்பது அவர் கருத்து. ஆயின் அதே குறளை மறுபுறமிருந்தும் படித்தல் வேண்டும். கடமை சிதையாதவரை கண்ணோடுதல் ஆட்சியின் வலிமையே என்பதும் அதிற் பெறப்படுகிறது. ஒரு மண்டபத்தில் அமைதியாக அமர்ந்து படம் கண்டோரால் நாட்டின் எந்தக் கடமை சிதைந்தது என்பது விடை கூறுதற்கரிய வினா. போஸ்னியர்பால் இரங்கிப் படையையே அனுப்பிய நாட்டில், மற்றொரு மக்களின் மரணத்தைக் காண்பதற்கு முன் ஒப்புதல் முத்திரை வேண்டும் என்பது முரண்பாடு. இரக்கத்தை வழங்கும் அரசு, குடிமக்கள் தாமே இரங்குவதைக் கண்டு ஏன் தயங்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு இறந்தோரின் மானத்தைப் பற்றியது. ‘நோ ஃபயர் சோன்’ படத்தில் கொலையுண்டோரின் உடல்கள் காட்டப்படுகின்றன. அவற்றுள் சில, கொன்றவர்களே வெற்றிச் சின்னமாகக் கைபேசியிற் பதிந்தவை. உயிரோடு இருந்தபோது எவரும் காண ஒவ்வாத நிலையில் ஒருவரை, இறந்த பின்னர்ப் பலர் முன் காட்டுதல் முறையாகுமா? இம்மறுப்பு அரசின் மறுப்பினும் ஆழமானது. எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று. கொன்றவர் ஏளனத்துக்காகப் பதிந்ததை, நீதி வேண்டுவோர் சான்றாகக் காட்டுகின்றனர். நோக்கம் மாறினும் அவ்வுடலின் திறந்த நிலை மாறுவதில்லை. ஆதலின் காட்டுபவர் ஒவ்வொரு காட்சியிலும் தம்மையே ஒன்று வினவுதல் வேண்டும்: இறந்தவரின் தாய் இவ்வரங்கில் அமர்ந்திருந்தால் இக்காட்சி இவ்வளவு நேரம் நீளுமா? சான்றுக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு நொடி நீண்டாலும் அது கேளிக்கையின் பக்கம் சாய்கிறது.

மூன்றாவது மறுப்பு காண்போரின் மனத்தைப் பற்றியது. துயரக் காட்சிகளை மீண்டும் மீண்டும் கண்டால் மனம் மரத்துப்போகும் என்பர். அன்றியும், அழுத கண்ணீரே கடனைத் தீர்த்துவிட்டது என்னும் பொய்யான நிறைவும் பிறக்கும் என்பர். இதுவும் உண்மையே. அரங்கின் இருளில் அழுதுவிட்டு வெளியே வந்து, தம் நகரில் ஒதுங்கி வாழும் அகதியைக் கண்டும் காணாததுபோற் கடந்து செல்பவர் உண்டு. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா ஒப்பமிடவில்லை. ஆதலின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் அகதிகளுக்கு முறையாக வேலை செய்யும் உரிமையோ, அவர்தம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிற் பயிலும் உரிமையோ கிட்டுவது அரிது. திரையில் தோன்றிய குழந்தைக்கு இரங்கியவர், அடுத்த தெருவில் பள்ளியின்றி நிற்கும் குழந்தையைக் காணவில்லையெனின், அவர் கண் ஓடியது வெண்திரை வரையே.

இம்மூன்று மறுப்புகளும் சேர்ந்து உணர்த்துவது, காட்டுதலை நிறுத்த வேண்டும் என்பதன்று. காட்டுதற்கும் காண்பதற்கும் ஒழுக்கம் உண்டு என்பதே அவற்றால் தெளிவாகிறது. காட்டாதிருத்தலால் விளையும் கேட்டைச் சயாம் தண்டவாளம் காட்டிவிட்டது. அங்கே எவரும் இறந்தோரின் மானத்தைக் குலைக்கவில்லை. எவர் மனமும் மரத்துப்போகவில்லை. எந்த இனத்துக்கும் இடையே பகை மூளவில்லை. இறந்தவர் பெயரும் எஞ்சவில்லை.

காட்டுவோர்க்கும் காண்போர்க்கும்

காட்டுவோர்க்குரிய ஒழுக்கத்துள் தலையாயது, தம்மவர் பிழையையும் மறைக்காதிருத்தல். ஈழப் போரின் இறுதி மாதங்களில் இராணுவத்தின் குண்டுவீச்சு குடிமக்களைக் கொன்றது. விடுதலைப் புலிகளும் மக்கள் போர்க்களத்தை விட்டு வெளியேறாதவாறு தடுத்தனர், தப்ப முயன்றோரைச் சுட்டனர், சிறுவரைப் படையிற் சேர்த்தனர். ஐக்கிய நாட்டு வல்லுநர் குழு இரு தரப்பையும் குறித்தே பேசியது. ஒரு பாதியை மட்டும் பேசும் சாட்சி, உண்மையே பேசினும் நம்பிக்கையை இழக்கிறது. பதுங்குகுழியில் தம் இனத்தான் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டிய தானோவிச்சின் நேர்மை இங்கே முன்மாதிரியாகும். மக்ரேயின் படம் பின்னர்ச் சிங்கள மொழியிலும் ஆக்கப்பட்டது. துயருற்றோரின் சுற்றத்துக்குக் காட்டுவதினும், துயரத்தை மறுப்போரின் மொழியில் அதனைச் சொல்ல முயல்வது அரிய செயல். பகை வளர்ப்பது நோக்கமாயின் அம்முயற்சிக்குத் தேவையே இல்லை.

காண்போர்க்குரிய கடனும் அத்தகையதே. கண்டதைப் பிறர்க்கு உரைத்தல், உரைக்கும்போது கூட்டாமலும் குறைக்காமலும் உரைத்தல், தன் அண்மையில் உள்ள துயருக்குத் தன் கையால் இயன்றதைச் செய்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இவை பெரும் தியாகங்கள் அல்ல. அன்றாட வாழ்வில் எவரும் செய்யத்தக்கவை. ஆனால் இவற்றைச் செய்யாதவர், கண்டும் காணாதவராகவே எஞ்சுவர்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் தனிப்பட்ட பங்கு உண்டு. கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், அருஞ்சொற்பொருள் கூறி முடித்தபின், சயாமுக்குச் சென்று திரும்பாத கொள்ளுத்தாத்தா எவருக்கேனும் உண்டா என்று மாணவரைக் கேட்கலாம். அவ்வாறு கேட்கப்படும்போது பின்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி மேலே எழக்கூடும். அம்மாணவன் வீட்டுக்குச் சென்று பாட்டியிடம் கேட்டு வரும் நாலு வரிகள், எந்த விழாவிலும் திரையிடப்படாத படமாகும். அதனைக் கேட்கும் மலாய் நண்பனும் சீன நண்பனும் அவ்வகுப்புக்கு வெளியே இருப்பின், அக்கதையை அவர்கள் அறியும் மொழியில் சொல்லவும் அவன் பயில வேண்டும். அவ்வாறே அவர்கள் வீட்டுப் பாட்டிமார் பட்டதையும் கேட்டு வருவது அவன் கடன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறு குழுவினர் 2003இல் தொடங்கிய விழா இன்றும் தொடர்ந்து நடைபெறுகிறது. அதனால் உலகின் போர்கள் நின்றுவிடவில்லை. எந்த விழாவாலும் நிற்கப்போவதில்லை. ஆயினும் முற்றுகையிடப்பட்ட சரயேவோவிலிருந்து சீனர் அசெம்பளி மண்டபம் வரை, அரங்கின் இருளில் அமர்ந்தோர் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு செயலைச் செய்தனர். பழகாத ஒருவரைப் பழகியவராக ஏற்றுக்கொண்டனர். வள்ளுவர் கண்ணோட்டத்தை அரசர்க்கென வகுத்தார். மக்களே மன்னராகிய இக்காலத்தில், அவ்வதிகாரம் வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாகிறது.